சிறிய எஞ்சின், பெரிய முதலீடு: 796 சீசீ வாகனம் வாங்கும் வியாபாரிக்கு

சென்ற மாதம் ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். மூன்று வருடங்களாக முச்சக்கர வண்டியில் கடை கடையாகச் சென்று முறுக்கு, பக்கோடா, கடலைப் பக்கற்றுகளை விநியோகித்து வருபவர். மழைக்காலத்தில் பொருள் நனைகிறது. ஒரே பயணத்தில் கொண்டு செல்லக்கூடிய அளவும் போதவில்லை. எனவே பழைய 800 சீசீ கார் ஒன்றை வாங்கி, பின் ஆசனத்தை மடித்துவிட்டுப் பொருள் ஏற்றலாம் என்பது அவரது திட்டம். தனது சேமிப்போடு மனைவியின் நகையை அடகு வைத்த பணமும் அவர் கையில் இருந்தது.

"நானா, இந்தச் சின்ன எஞ்சின் நம்மட ஏத்தம் இறக்கத்துக்குத் தாங்குமா? ஆளுக்கொரு கத சொல்றாங்க" என்று கேட்டார்.

தாங்கும் என்றே சொன்னேன். ஆனால் அந்த ஒரு சொல்லோடு அவரை அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. நம்மவர்களில் பலர் வாகனம் வாங்கும்போது நிறத்தையும் டயரையும் இருக்கை உறையையும் பார்க்கின்றனர். பணம் புதைந்திருப்பதோ எஞ்சினுக்குள். சிறு வியாபாரிக்கு வாகனம் என்பது சவாரிக்கான பொருளன்று. அது தராசைப் போல, கல்லாப்பெட்டியைப் போல ஒரு தொழிற்கருவி. அது நின்றால் வியாபாரமும் நிற்கும். இதை நான் நட்டப்பட்டே கற்றுக்கொண்டேன். அந்தப் பாடத்தையும், இந்த எஞ்சினைப் பற்றி ஒரு வியாபாரி அறிந்திருக்க வேண்டிய விடயங்களையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

450 ரூபாவுக்காக 38,000 ரூபா

2009ஆம் ஆண்டு அது. 1990களில் தயாரிக்கப்பட்ட 800 சீசீ கார் ஒன்றை நான் தொழிலுக்குப் பாவித்து வந்தேன். வாரமொரு முறை கொழும்பு புறக்கோட்டைக்குச் சென்று சரக்கேற்றிக்கொண்டு கண்டி வீதியால் திரும்புவது வழக்கம். சில நாட்களாகக் காலையில் ரேடியேற்றரைத் திறந்தால் தண்ணீர் குறைந்திருக்கும். அரை லீற்றர் ஊற்றிவிட்டுப் புறப்படுவேன். கீழ்ப்பக்க ரப்பர் ஹோஸின் கிளிப்பருகே ஈரம் கசிவதையும் கண்டிருந்தேன். "அடுத்த கிழமை பார்க்கலாம்" என்று இரண்டு கிழமைகள் கடந்துவிட்டன.

அன்று சரக்கு சற்று அதிகம். மாவனல்லையைத் தாண்டி கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும்போது வெப்பமானியின் முள் நடுவைக் கடந்து மேலே போவதைக் கண்டேன். உடனே நிறுத்தியிருக்க வேண்டும். "உச்சிக்குப் போய்விட்டால் பிறகு சமதரைதானே, ஆறிவிடும்" என்று எண்ணி மேலும் ஒரு கிலோமீற்றர் ஓட்டினேன். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. எஞ்சினிலிருந்து டொக் டொக் என்று சத்தம் வந்தது. இழுவை இல்லாமல் போனது. பொனெற்றின் ஓரங்களால் ஆவி கிளம்பியபோதுதான் நிறுத்தினேன். அத்தோடு விட்டேனா? வீதியோர நீரோடையில் போத்தலில் தண்ணீர் பிடித்து வந்து, கொதித்துக்கொண்டிருந்த எஞ்சினில் அப்படியே ஊற்றினேன்.

வாகனத்தைக் கட்டி இழுத்துச் சென்று கராஜில் விட்டோம். எஞ்சின் தலை வளைந்திருந்தது, ஹெட் கெஸ்கட் எரிந்திருந்தது, ஒயிலுக்குள் தண்ணீர் கலந்திருந்தது. கராஜ் நானா கழற்றிய தலையின் மீது இரும்பு அடிமட்டத்தை வைத்து, அதன் கீழாக வெளிச்சம் தெரிவதை எனக்குக் காட்டினார். "இது எஞ்சின்ட குத்தமில்ல தம்பி. தண்ணி எங்க போகுதுன்டு நீங்கதான் தேடல்ல" என்றார்.

தலையை லேத் வேலைத்தளத்தில் மட்டப்படுத்தி, கெஸ்கட் மாற்றி, ஒயில் மாற்றி முடிக்கும்போது செலவு 38,000 ரூபாவைத் தாண்டியது. உரிய நேரத்தில் மாற்றியிருந்தால் ஹோஸுக்கும் கிளிப்புக்கும் 450 ரூபாதான் முடிந்திருக்கும். அதைவிடப் பெரிய நட்டம் எந்தப் பற்றுச்சீட்டிலும் எழுதப்படவில்லை. 11 நாட்கள் நான் கடைகளுக்குச் செல்லவில்லை. மூன்று கடைக்காரர்கள் வேறொருவரிடம் பொருள் எடுக்கத் தொடங்கினர். இருவர் திரும்பி வந்தனர், ஒருவர் வரவேயில்லை.

இது என்ன எஞ்சின்?

நமது நாட்டில் "800 கார்" என்று பொதுவாகச் சொல்லப்படுவது மாருதி 800. இந்தியாவில் 1983 டிசம்பரில் முதலாவது கார் கையளிக்கப்பட்டது. 2014 ஜனவரியில் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் இருபத்தைந்து இலட்சத்துக்கும் அதிகமான கார்கள் வெளிவந்தன. அதன் எஞ்சின் ஜப்பானின் சுசுகி நிறுவனத்தின் வடிவமைப்பு. பின்னர் வந்த அல்டோவிலும் இதே குடும்பத்து எஞ்சின் பொருத்தப்பட்டது. கொரியாவின் டேவூ நிறுவனம் சுசுகியின் அனுமதியுடன் தயாரித்த டிக்கோ காரின் எஞ்சினும் இதன் உறவுதான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து ஆண்டு காலத்தில் பழைய சிறிய கார்களை மக்கள் விற்காமல் திருத்தித் திருத்திப் பாவித்தனர். எனவே இன்று சந்தைக்கு வரும் கார்களில் பெரும்பாலானவை வயதானவை, பலமுறை கழற்றிப் பூட்டப்பட்டவை. இதனால்தான் இன்று வாங்குபவருக்கு முன்னரைவிட அதிக அவதானம் தேவைப்படுகிறது.

எஞ்சினின் பிரதான விபரங்கள் இவை:

• சிலிண்டர்கள்: 3, ஒரே வரிசையில். மொத்தக் கொள்ளளவு 796 சீசீ. அதாவது ஒரு சிலிண்டருக்குச் சுமார் 265 சீசீ.
• சிலிண்டரின் விட்டம் 68.5 மில்லிமீற்றர். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் 72 மில்லிமீற்றர்.
• சிலிண்டர்கள் தீமூட்டும் ஒழுங்கு: 1-3-2.
• உடல் வார்ப்பிரும்பு. தலை அலுமினியம்.
• குளிரூட்டல்: தண்ணீர், ரேடியேற்றர், மின் விசிறி.
• பழைய வகை (எஃப்8பி): 6 வால்வு, கார்பரேற்றர். வலு சுமார் 37 குதிரைவலு, முறுக்கு விசை சுமார் 59 நியூட்டன் மீற்றர்.
• பிந்திய வகை (எஃப்8டி): 12 வால்வு, கணினிக் கட்டுப்பாட்டில் பெற்றோல் பீச்சும் முறை. வலு சுமார் 46 குதிரைவலு, முறுக்கு விசை சுமார் 62 நியூட்டன் மீற்றர்.

பெற்றோல் பீச்சும் வகை மாருதி 800க்கு வந்தது 2000ஆம் ஆண்டளவில். அதற்கு முந்தியவை பொதுவாகக் கார்பரேற்றர் வகை.

இந்த இலக்கங்கள் சொல்வது என்ன?

குதிரைவலு என்பது வேகமாக ஓடும்போது கிடைக்கும் மொத்த ஆற்றல். முறுக்கு விசை என்பது சுமையை இழுக்கும் பலம். சரக்கேற்றும் வியாபாரிக்குப் பின்னையதுதான் முக்கியம். பழைய வகை எஞ்சினில் உச்ச முறுக்கு விசை நிமிடத்துக்கு 2,500 முதல் 3,000 சுழற்சியில் கிடைக்கிறது. அதற்கு மிகக் கீழே எஞ்சினை மெதுவாகச் சுழலவிட்டு, நான்காம் கியரில் ஏற்றம் ஏற முயன்றால் என்ன நடக்கும்? எவ்வளவு மிதித்தாலும் வேகம் கூடாது, உடல் நடுங்கும், உள்ளே வெப்பம் ஏறும். "கியர் குறைத்தால் பெற்றோல் கூடும்" என்று எண்ணிப் பலர் இப்படித்தான் ஓட்டுகின்றனர். அவர்கள் சேமிக்கும் பெற்றோலைவிட எஞ்சினுக்கு ஏற்படுத்தும் சேதம் அதிகம். மிதித்தும் வேகம் கூடவில்லையென்றால் உடனே கியரைக் குறைக்க வேண்டும். சிறிய எஞ்சின் சற்று வேகமாகச் சுழல்வதற்கு அஞ்சத் தேவையில்லை. திணறுவதற்குத்தான் அஞ்ச வேண்டும்.

சுமையிலும் அளவு வேண்டும். இந்தக் காரின் வெற்று நிறையே சுமார் 650 கிலோதான். நான்கைந்து பேரைச் சுமக்க அமைக்கப்பட்ட வாகனம் இது. சாரதியைத் தவிர 200 கிலோவுக்கு, அதாவது நான்கு அரிசி மூடை நிறைக்கு மேல் நான் ஏற்றுவதில்லை.

மூன்று சிலிண்டர் எஞ்சின் நின்ற நிலையில் சற்று அதிரும். இரண்டு சுழற்சிக்கு மூன்று தடவைகள்தான் தீமூட்டல் நிகழ்கிறது என்பதால் அது இயல்பானது. ஆனால் கதவும் கண்ணாடியும் கிடுகிடுவென ஆடினால், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் தேய்ந்திருக்கலாம், அல்லது ஒரு சிலிண்டர் வேலை செய்யாமலிருக்கலாம். நான்கு சிலிண்டரில் ஒன்று போனால் கால் பங்கு பலம் போகும். இங்கே மூன்றிலொரு பங்கு போய்விடும். ஏற்றத்தில் அது உடனே தெரியும்.

எதிரி ஒன்று: வெப்பம்

இந்த எஞ்சின்களைக் கொல்வது பெரும்பாலும் வயதல்ல, வெப்பம். காரணம் எளிது. தலை அலுமினியம், உடல் வார்ப்பிரும்பு. ஒரே வெப்பத்தில் அலுமினியம் இரும்பைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். வழமையான வெப்பத்தில் இந்த வேறுபாட்டை இடையிலுள்ள கெஸ்கட் தாங்கிக்கொள்ளும். அளவு மீறும்போது தலை வளைகிறது, கெஸ்கட் எரிகிறது. சூடான தலையில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் திடீரெனச் சுருங்கி வெடிக்கவும் கூடும். நான் அன்று செய்த இரண்டாவது தவறு அதுதான்.

ரேடியேற்றர் மூடியை வெறும் மூடியென எண்ணாதீர்கள். அதிலுள்ள வில், தண்ணீரை அமுக்கத்தில் வைத்திருக்கிறது. ஜப்பானிய வடிவமைப்பிலான பல மூடிகளில் 0.9 என்று பொறிக்கப்பட்டிருக்கும். அந்த அமுக்கத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் ஏறத்தாழ 118 பாகை வரை தாக்குப்பிடிக்கும். மூடியின் ரப்பர் இறுகிவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கும் பொருள் இது.

நம் நாட்டு கராஜ்களில் ஒரு பழக்கம் உண்டு. வாகனம் சூடானால் முதலில் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடுவார்கள். "இது வெயில் நாடு, இது தேவையில்லை" என்பார்கள். தேர்மோஸ்டாட் என்பது எஞ்சின் உரிய வெப்பத்தை அடையும் வரை தண்ணீரை ரேடியேற்றருக்குப் போகவிடாமல் தடுக்கும் சிறு கதவு. அதைக் கழற்றினால் எஞ்சின் நீண்ட நேரம் குளிராகவே ஓடும். பெற்றோல் சரியாக எரியாது, செலவு கூடும், சிலிண்டர் தேயும். பெற்றோல் பீச்சும் வகையில் கணினி, எஞ்சின் இன்னும் குளிராக இருப்பதாகக் கருதிப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும். அடைபட்டுப்போன ரேடியேற்றரைத் திருத்தாமல் தேர்மோஸ்டாட்டைக் கழற்றுவது, காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல் வெப்பமானியை உடைப்பது போன்றது.

முள் மேலேறினால் செய்ய வேண்டியது இதுதான்: ஓரமாக நிறுத்துங்கள், எஞ்சினை நிறுத்துங்கள், அரை மணித்தியாலமாவது பொறுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே வேண்டாம். கொதிநீர் முகத்தில் பீச்சும். ஆறிய பின்னர், துணியைப் போட்டு மெதுவாகத் திறந்து தண்ணீர் விடுங்கள். கசிவு எங்கே என்று தேடுங்கள்.

எதிரி இரண்டு: ஒயில் குறைவு

பெரிய வாகனங்களில் நான்கைந்து லீற்றர் ஒயில் இருக்கும். இதில் இருப்பதோ மூன்று லீற்றருக்கும் குறைவு. எனவே அரை லீற்றர் குறைந்தால் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்துவிட்டது என்று பொருள். மாதமொரு முறை பார்ப்பது இந்த எஞ்சினுக்குப் போதாது, வாரமொரு முறையாவது அளவுகோலை இழுத்துப் பார்க்க வேண்டும்.

ஒயில் எங்கே போகிறது என்பதைப் புகை சொல்லும்.

• இரவு நிறுத்திய காரைக் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சிறிது நீலப்புகை வந்து பின்னர் நின்றுவிட்டால்: வால்வின் ரப்பர் சீல்கள் இறுகியிருக்கின்றன. நீண்ட இறக்கத்தில் கியரில் இறங்கிய பின்னர் மீண்டும் மிதிக்கும்போது ஒரு மேகம் கிளம்பினாலும் இதே காரணம்தான். செலவு அதிகமில்லை.
• மிதிக்க மிதிக்க நீலப்புகை தொடர்ந்தால்: பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. எஞ்சினை முழுமையாகப் பிரிக்க வேண்டிவரும். செலவு பெரிது.
• கறுப்புப் புகை: பெற்றோல் அளவுக்கு மேல் போகிறது. காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம், சோக் மூடியபடி இருக்கலாம், கார்பரேற்றர் அல்லது சென்சர் பழுதாகியிருக்கலாம்.
• எஞ்சின் சூடான பின்னரும் அடர்ந்த வெண்புகை: சிலிண்டருக்குள் தண்ணீர் செல்கிறது. ஹெட் கெஸ்கட்டைச் சந்தேகியுங்கள். குளிரான காலையில் முதல் சில நிமிடங்கள் வரும் மெல்லிய ஆவி வேறு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

பெற்றோலும் பொறியும்

பழைய வகையில் அடிக்கடி தொல்லை தருவது கார்பரேற்றர். அதன் துவாரங்கள் மிக நுண்ணியவை. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டில் நம்மில் பலர் கான்களிலும் போத்தல்களிலும் பெற்றோலைச் சேமித்து வைத்து ஊற்றினோம். அதனுடன் தூசியும் தண்ணீரும் தாங்கிக்குள் போயின. அப்படிப் பாவிக்கப்பட்ட கார்களில் தாங்கியின் அடியில் இன்றும் மண்டி இருக்கலாம். ஓடும்போது திடீரெனத் திணறி, சற்று நிறுத்திவைத்தால் மீண்டும் சரியாகும் வாகனத்தில் முதலில் எரிபொருள் வடிகட்டியையும் தாங்கியையும் பாருங்கள்.

இன்னொரு பொதுவான முறைப்பாடு, சூடான எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்களில் ஸ்டார்ட் செய்தால் பிடிக்காமை. எஞ்சினின் வெப்பத்தில் கார்பரேற்றரிலும் குழாயிலும் உள்ள பெற்றோல் ஆவியாவதே இதற்கு ஒரு காரணம். எரிபொருள் பம்பின் ரப்பர்ச் சவ்வு தளர்ந்திருந்தாலும் இவ்வாறு நிகழும். பிளக் வயர்கள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, மிகப் பழைய மாதிரிகளில் பொயின்ற் ஆகியனவும் தேயும் பொருட்கள். மழை நாளில் மட்டும் இழுவை குறைந்தால் பிளக் வயர்களைச் சந்தேகியுங்கள்.

பெற்றோல் பீச்சும் வகையில் கார்பரேற்றர்த் தொல்லை இல்லை. ஆனால் எஞ்சின் விளக்கு எரிந்தால் ஊகித்து ஒவ்வொரு பாகமாக மாற்றாதீர்கள். கணினியில் பதிவாகியுள்ள பிழைக் குறியீட்டைப் பார்க்கும் கருவியுள்ள இடத்துக்குக் கொண்டு செல்லுங்கள். பல வேளைகளில் பழுதாகியிருப்பது சென்சரல்ல, அதன் வயர் இணைப்பு. அதேபோல் தாங்கியைக் காலியாகும் வரை ஓட்ட வேண்டாம். தாங்கிக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதே பெற்றோல்தான்.

"95 ஒக்டேன் அடித்தால் பலம் கூடுமா?" என்று சிலர் கேட்கின்றனர். இந்த எஞ்சின் அதிக அமுக்க விகிதம் கொண்டதல்ல, பழைய வகையில் அது 9க்கு 1 என்ற அளவைக்கூடத் தொடுவதில்லை. 92 ஒக்டேன் இதற்குப் போதும். கூடுதல் விலைக்குப் பயன் கிடைக்காது. சுத்தமான பெற்றோல் என்பதே முக்கியம்.

பெல்ட்டுகள் இரண்டு

வெளியே தெரியும் விசிறி பெல்ட் டைனமோவை மட்டுமன்றித் தண்ணீர் பம்பையும் சுழற்றுகிறது. எனவே ஓடும்போது பற்றரி விளக்கு எரிந்தால், "வீட்டுக்குப் போய் பற்றரியைப் பார்க்கலாம்" என்று தொடர்ந்து ஓட்டாதீர்கள். பெல்ட் அறுந்திருந்தால் தண்ணீர் ஓட்டமும் நின்றிருக்கும். சில நிமிடங்களில் எஞ்சின் கொதிக்கும்.

மூடிக்குள் இருக்கும் டைமிங் பெல்ட் கண்ணுக்குத் தெரியாது. வால்வுகள் உரிய நேரத்தில் திறந்து மூடுவது அதனால்தான். அது அறுந்தால் எஞ்சின் அந்த இடத்திலேயே நின்றுவிடும், பல எஞ்சின்களில் வால்வுகளும் வளையும். அது ரப்பர் என்பதால் ஓடாவிட்டாலும் வயது போகும், ஒயில் கசிந்து பட்டால் விரைவில் கெடும். முன்னைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்பதற்குப் பற்றுச்சீட்டு இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

1. அதிகாலையில் செல்லுங்கள். பொனெற்றின் மீது கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். குளிர் எஞ்சின்தான் உண்மை பேசும்.
2. ஸ்டார்ட் செய்யுமுன் ஒயில் அளவுகோலையும் ஒயில் ஊற்றும் மூடியையும் பாருங்கள். பாற்கோப்பி நிறத்தில் நுரை இருந்தால் தண்ணீர் கலந்திருக்கக்கூடும்.
3. ரேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா? துரு நிறமா? ஸ்டார்ட் செய்த பின் குமிழிகள் விடாமல் வருகின்றனவா?
4. ஒருவரை உள்ளே இருத்தி ஸ்டார்ட் செய்யச் சொல்லி, நீங்கள் பின்னால் நின்று புகையைப் பாருங்கள்.
5. இருபது நிமிடங்கள் ஓடவிடுங்கள். விசிறி தானாகச் சுழன்று, பின்னர் தானாக நிற்க வேண்டும்.
6. ஏற்றமொன்றில் ஓட்டிப் பாருங்கள். சமதரையில் எல்லா எஞ்சினும் நல்ல எஞ்சின்தான்.
7. மூன்று சிலிண்டர்களினதும் அமுக்கத்தை அளக்கச் சொல்லுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று அண்மித்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் மிகவும் குறைந்திருந்தால் விலையைப் பேசுமுன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.
8. எஞ்சின் இலக்கத்தைப் பதிவுச் சான்றிதழுடன் ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றப்பட்டு, அது பதிவு செய்யப்படாவிட்டால் பின்னர் விற்கும்போது நீங்கள்தான் அலைய வேண்டும்.
9. புகைப் பரிசோதனை அறிக்கைகளைக் கேளுங்கள். இரண்டு மூன்று வருட அறிக்கைகளை ஒப்பிட்டால் எஞ்சின் தேய்ந்து வரும் போக்கு தெரியும்.

இதற்கெல்லாம் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்று அவருக்குரிய கூலியைக் கொடுங்கள். அதை வீண் செலவாக எண்ணாதீர்கள். விற்பவர் தேடித் தரும் மெக்கானிக் வேண்டாம்.

கணக்குப் புத்தகம்

வியாபாரிக்கு எஞ்சினின் நோயைச் சொல்லும் இன்னொரு கருவி கொப்பி. தாங்கியை நிரப்பி, கிலோமீற்றரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை மீண்டும் நிரப்பும்போது எத்தனை லீற்றர் பிடித்தது, எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று வகுத்துப் பாருங்கள். ஒரு கார் லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடியது, இப்போது 12தான் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,500 கிலோமீற்றர் ஓடுபவர் முன்னர் 100 லீற்றர் அடித்தார், இப்போது 125 லீற்றர். மாதம் 25 லீற்றரை இன்றைய விலையால் பெருக்கிப் பாருங்கள். பிளக், வடிகட்டி, டியூனிங் ஆகியவற்றின் செலவு அதற்குள் அடங்கிவிடும். கொப்பி இல்லாதவருக்கு இந்த இழப்பு கண்ணில் படாது. "இலாபம் குறைகிறது" என்று மட்டும் தெரியும்.

ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் பெற்றோல் செலவுக்கு மேலதிகமாக ஒரு சிறு தொகையைத் திருத்த வேலைகளுக்கென ஒதுக்கி வையுங்கள். பொருளின் விலையைத் தீர்மானிக்கும்போது அதையும் சேருங்கள். திருத்தச் செலவு திடீரென வருவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது ஒவ்வொரு கிலோமீற்றரிலும் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்த இளைஞர்

அவருடன் நானும் சென்று இரண்டு கார்களைப் பார்த்தேன். முதலாவது பளபளவென்றிருந்தது. காலை ஏழு மணிக்கே பொனெற் சூடாக இருந்தது. கடைக்குப் போய் வந்ததாகச் சொன்னார் உரிமையாளர். உண்மையாகவும் இருக்கலாம். "அப்படியானால் நாளை காலை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள், வருகிறோம்" என்றோம். அவர் விரும்பவில்லை. நாங்கள் திரும்பிவிட்டோம்.

இரண்டாவது காரின் நிறம் மங்கியிருந்தது, ஒரு கதவில் நசுக்கலும் இருந்தது. ஆனால் எஞ்சின் குளிராக இருந்தது. இரண்டாம் முறையிலேயே ஸ்டார்ட் ஆனது. தொடக்கத்தில் சற்று நீலப்புகை வந்து நின்றது. மூன்று சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒரே அமுக்கத்தைக் காட்டின. டைமிங் பெல்ட் மாற்றியதற்குச் சான்று இருக்கவில்லை. வால்வு சீலையும் பெல்ட்டையும் காட்டி விலையைக் குறைத்துக்கொண்டார். குறைத்த பணத்தில் பெல்ட், ஹோஸ்கள், ரேடியேற்றர் மூடி, ஒயில் அனைத்தையும் முதல் வாரத்திலேயே மாற்றினார். முன்னர் யாரோ கழற்றி வீசியிருந்த தேர்மோஸ்டாட்டும் மீண்டும் பூட்டப்பட்டது.

இப்போது தினமும் காலையில் ஐந்து நிமிடம் பொனெற்றைத் திறந்து பார்த்துவிட்டே புறப்படுவதாகச் சொல்கிறார். தண்ணீர், ஒயில், பெல்ட், வாகனத்தின் கீழே தரையில் ஈரம் இருக்கிறதா என்பது, இவ்வளவுதான். போன கிழமை ஹோஸ் கிளிப் ஒன்றில் ஈரம் கண்டிருக்கிறார். அன்று மாலையே மாற்றிவிட்டார். நகையை மீட்க இன்னும் ஏழு மாதத் தவணை இருக்கிறது. அதுவரை அந்த எஞ்சின் ஒரு நாளும் நிற்கக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.